உயிலும் பாகப்பத்திரமும் உரைக்கும் குலவரலாறு

குடும்ப வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் முதியோரை நாடுவர். அது முறையே. ஆயினும் முதியோர் நினைவு பெரும்பாலும் பாட்டனார் காலத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் சில ஆண்களின் பெயர்கள் எஞ்சும். பாட்டியர் பெயர் மறைந்துபோகும். இக்குறையை நிறைக்க வல்லவை, இறப்பையொட்டிப் பிறக்கும் ஆவணங்களே. உயிலும் பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் வரலாறு கூற எழுந்தவை அல்ல. சொத்தைப் பிரிக்க எழுந்தவை. எனினும் உரிமையுடையார் இன்னின்னார் என்று உரைக்காமல் சொத்தைப் பிரித்தல் இயலாது. ஆதலின் குடும்பத்தின் உருவம் அவற்றுள் தானே பதிந்துவிடுகிறது.

இத்துறையில் முன்னோடிகளாக அமெரிக்க மக்களைச் சுட்டலாம். ஆங்கிலேயர் அங்குக் குடியேறிய பதினேழாம் நூற்றாண்டிலேயே, ஒருவர் இறந்தால் அவருடைய நிலம், கால்நடை, பானை, படுக்கை வரை விலைமதிப்புடன் பட்டியல் எழுதி நீதிமன்றத்தில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. உயில் எழுதாது இறந்தவர் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்பது நியூ இங்கிலாந்துப் பகுதியின் விதி. கைம்பெண்ணுக்கு நிலத்தில் மூன்றிலொரு பாகம் ஆயுள் உரிமை. பங்கின் அளவைக் கொண்டே மூத்தவர் யார், தாய் உயிரோடிருந்தாரா என்பதை ஆய்வாளர் உய்த்துணர்கின்றனர்.

அத்தகைய குடும்பம் ஒன்றுக்கு நம் சென்னையோடும் தொடர்புண்டு. 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவருடைய பாட்டியார் ஆன், கணவர் தாமஸ் யேல் மறைந்தபின் தியோபிலஸ் ஈட்டனை மணந்து, அவருடன் அமெரிக்கா சென்றார். ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். யேல் குடும்பத்தின் வேரைத் தேடுவோர் ஈட்டன் என்னும் பெயரையும் தேடியாக வேண்டும். எலிஹுவும் 1680இல் ஹின்மர்ஸ் என்பாரின் கைம்பெண்ணையே கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் மணந்தார். மறுமணம் நிகழ்ந்த குடும்பங்களில் குலப்பெயரை மட்டும் நம்பினால் கிளைகள் கைநழுவும்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பரப்பு ஏரிப்பாசன வயல்களாலும் மானாவாரிப் புன்செய்களாலும் ஆனது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. தொழிற்பயன்பாட்டுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நிலம் எடுக்கப்படும்பொழுது அலுவலர் கேட்கும் முதல் வினா, "இந்நிலம் யாருடையது? அவருக்கு நீர் என்ன உறவு?" என்பதே. அதுவரை குலவரலாறு ஓய்வு நேரத்து ஆர்வமாக இருந்திருக்கலாம். அன்று அது இழப்பீட்டுக்குரிய சான்றாகிவிடுகிறது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற யு.டி.ஆர். நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், கூட்டுக் குடும்பத்துக்காக மூத்தவர் ஒருவர் பெயரே பட்டாவில் ஏறிய இடங்கள் பல. பெயர் ஏறாத தம்பியின் மக்களும், மணமாகி வேற்றூர் சென்ற தமக்கையின் மக்களும் பழைய பத்திரங்களையே நாட வேண்டியவர் ஆயினர்.

பத்திரத்தைப் படிக்கும் முறை அறிதற்குரியது. எழுதிக் கொடுப்பவரும் பெறுபவரும் யாரென்று மட்டும் பார்த்து வைத்துவிடுதல் போதாது. "இன்னார் குமாரர்", "இன்னார் பாரியாள்" என வரும் அடைமொழி ஒரு தலைமுறையை மேலேற்றும். மைனருக்குக் கார்டியனாகத் தாய் கையொப்பமிட்டிருப்பின் தந்தை அப்பொழுது இறந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. சக்குபந்தியில் வரும் நான்கெல்லை நிலத்தார் பலர் பங்காளிகளாகவே இருப்பர். ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த நிலம் பிரிந்ததனால் அடுத்தடுத்து நிற்பவர் அவர். சாட்சியாக நிற்பவர் மாமனாகவோ மைத்துனராகவோ இருத்தலும் உண்டு. எழுத்தறிந்தோர் அரிதாயிருந்த காலத்துக் கைரேகைகளும் நமக்குச் செய்தி சொல்வனவே.

இசுலாமியக் குடும்பங்களின் பத்திரங்கள் இவ்வகையில் தனிச்சிறப்புடையன. திருமறையின் நான்காம் அத்தியாயம் வாரிசுகளின் பங்கை எண்ணாலேயே வரையறுத்துள்ளது. ஃபராயிழ் கணக்கறிந்தவருக்குப் பங்கின் பின்னமே குடும்பத்தின் படமாகும். ஒரு பத்திரத்தில் மகளுக்கு 120இல் 17 பங்கு என்று கண்டிருப்பதாகக் கொள்வோம். மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 15, தாய்க்கு ஆறிலொன்று, அதாவது 20, எஞ்சியது 85. மகனுக்கு இருமடங்கு என்னும் விதிப்படி இரு மகன்களுக்கு 34 வீதமும் ஒரு மகளுக்கு 17உம் சேரும். ஆகவே அவர் இறந்தபோது மனைவி இருந்தார், பெற்றோருள் ஒருவர் இருந்தார், மக்கள் இருந்தனர். ஆயினும் அவசரம் கூடாது. ஒரு மகனும் மூன்று மகள்களும் இருந்தாலும் மகளின் பங்கு அதே 17தான்! தாய்க்கு மாறாகத் தந்தை இருந்தாலும் அதே ஆறிலொன்றுதான். ஐயத்தைத் தீர்ப்பவை ஏனையோர் கையொப்பங்களே. பங்கு பிரிக்காமலே அடுத்த தலைமுறையினரும் இறந்திருப்பின் பின்னத்தின் கீழெண் பெருகிக்கொண்டே போகும்; அதனை முனாஸகா என்பர்.

வஸிய்யத்து மூன்றிலொரு பங்கை மிஞ்சலாகாது. ஏனைய வாரிசுகளின் இசைவின்றி ஒரு வாரிசுக்கு எழுதுதலும் செல்லாது. எனவே நம் உயில்களில் பெறுநராக வருவோர் வளர்ப்புப் பிள்ளை, பேரர், பள்ளிவாசல் எனப் பங்கு வட்டத்துக்கு வெளியே நிற்போராகப் பெரும்பாலும் இருப்பர். தந்தைக்கு முன்னே இறந்த மகனின் மக்கள், உயிரோடுள்ள மகன்களால் பங்கிழக்கும் நிலையில், அவர்களைக் குறித்த செய்தி உயிலில் மட்டுமே அகப்படுதல் கூடும்.

பெண்மக்களின் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் வந்துவிட்டது என்று கூறுதற்கில்லை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்தது. அதனால் ஊர் வழக்கத்தைக் காட்டிப் பெண்களை வயலிலிருந்து ஒதுக்க இடமிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அவ்விலக்கை நீக்கியது. இந்துக் குடும்பங்களில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வழங்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இலும் நாடளாவிய திருத்தம் 2005இலும் வந்தன. இவ்வாண்டுகளுக்கு முற்பட்ட பத்திரத்தில் மகளின் பெயர் இல்லையெனில், மகளே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

பதிவுச் சட்டம் 1865இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய காலத்தைத் தேடுவோர்க்குச் செங்கல்பட்டு ஜாகீர்ப் பகுதி ஒரு கருவூலம். 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்ற இப்பகுதியில், 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பார் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். மிராசுரிமை பற்றி எல்லிஸ் எழுதிய ஆய்வு 1818இல் வெளிவந்தது. நிலத்தை முறைமாற்றிப் பயிரிடும் பசுங்கரை, நிலையாகப் பிரித்துக்கொண்ட அறுதிக்கரை என்னும் வேறுபாடும் அதனுள் பேசப்படுகிறது.

நிலமில்லாதவர்க்கு வரலாறு ஏது? மிராசு கைமாறியபோது நிலத்தோடு அடிமைகளையும் சேர்த்து விற்ற வழக்கம் இங்கு இருந்தது. அடிமைமுறைக்கான சட்ட ஏற்பு 1843இல்தான் நீங்கியது. அமெரிக்காவிலும் இறந்தவர் சொத்துப் பட்டியலில் மாடு குதிரைகளுக்கிடையே அடிமைகளின் பெயர்கள் விலையோடு காணப்படுகின்றன. விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயர் சொல்லிக் குறித்த முதல் மக்கள்தொகைக் கணக்கு 1870இல் எடுக்கப்பட்டது. அதற்கு முந்திய தம் முன்னோரைத் தேடும் கறுப்பின மக்கள், முன்னோரைப் பொருளாக எண்ணியவனின் உயிலையே புரட்ட வேண்டியிருக்கிறது. நம் வட்டாரத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும் 1892ஆம் ஆண்டு அரசாணையும் ஒடுக்கப்பட்டோர்க்குப் பஞ்சமி நிலம் கிடைக்க வழிசெய்தன. அந்நில ஒப்படைப்புப் பதிவே பல குடும்பங்களில் முன்னோர் பெயர் முதன்முதலில் உரிமையாளராக ஏறிய ஏடு ஆதல் கூடும்.

இவற்றுக்கு நீதிமன்ற மதிப்பும் உண்டு. இறந்துபோனவர்களுக்கிடையே இருந்த உறவைப் பற்றி உயிலிலோ குடும்பப் பத்திரத்திலோ வம்சாவளியிலோ கல்லறைக் கல்லிலோ, வழக்கு எழுவதற்கு முன் எழுதப்பட்ட கூற்றினை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏற்றது. அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கிறது. கபறுஸ்தானில் சாய்ந்து கிடக்கும் மீஸான் கல்லும் இவ்வகையில் ஓர் ஆவணமே. அதன் எழுத்து தேயுமுன் படியெடுத்தல் நன்று.

தேட விரும்பும் மாணவர்க்கு ஒரு நடைமுறைச் செய்தி. சார்பதிவாளர் அலுவலகத்தில் விற்பனையும் பாகப்பிரிவினையும் முதலாம் புத்தகத்தில் உள்ளன; கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயில் மூன்றாம் புத்தகத்தில் உள்ளது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதன் படி அவருக்கோ அவருடைய முகவருக்கோ அன்றிப் பிறர்க்குக் கிடைக்காது. அவர் மறைந்தபின் விண்ணப்பிக்கும் எவர்க்கும் தரப்படும். ஆகவே இறந்தவரின் பெயர், தந்தை பெயர், ஊர், இறப்புச் சான்று ஆகியவற்றோடு செல்க. உயிலைப் பதிவு செய்தல் கட்டாயம் அன்று; அங்குக் கிடைக்கவில்லையெனில் வீட்டுப் பழம்பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க.