அப்பாவின் கார்டு, அம்மாவுக்கு உதவுமா?

கேள்வி: அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் காலமானார். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவச் சலுகை அம்மாவுக்கும் 26 வயது தம்பிக்கும் தொடருமா?
- வாசகி, காட்பாடி

பதில்: அம்மாவுக்குத் தொடரும். 2003 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சந்தா ஒருமுறைதான். அப்பா கட்டியதே போதும். ஆனால் குடும்ப ஓய்வூதிய ஆணையைக் காட்டி, அம்மாவையே முதன்மை உறுப்பினராக்கிப் புதுக் கார்டு வாங்க வேண்டும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் பெயருக்கு ஒரு எழுத்து, ராணுவ ஆவணத்தில் வேறு எழுத்து! ஆங்கிலத்தில் 'லட்சுமி'யில் ஒரு 'எச்' கூடினாலும் ஃபைல் திரும்பி வரும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

தம்பிக்குக் கிடையாது. மகனுக்கு 25 வயது வரைதான், அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆனால் அத்தோடு சரி. நிரந்தர ஊனமுள்ள மகனுக்கு மட்டும் வயது வரம்பு இல்லை. நீங்கள் கல்யாணமாகாமல், வருமானமில்லாமல் இருந்தால் உங்களுக்கு உண்டு.

வழக்கமான சிகிச்சைக்கு வேலூர் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு, திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் பணம் கட்ட வேண்டியதில்லை. நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் ரெஃபரலுக்கு அலையாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அது பட்டியலில் இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பில்லை நீங்கள் கட்டி, பிறகு கேட்டு வாங்கலாம். அரசு நிர்ணயித்த கட்டணம்தான் திரும்பும், முழுத் தொகை அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரி முதல் மருந்துச் சீட்டு வரை எல்லா ஒரிஜினலையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.