பாலைவனச் சோலைகளும் பௌத்தத்தின் பயணமும்

சமயக் கருத்துகள் காற்றில் மிதந்து நாடு கடப்பதில்லை. மனிதர்களின் கால்களால் நடந்தே செல்கின்றன. ஆதலால் பண்டைக் காலத்தில் நீர் கிடைக்கும் இடமும், பனி விலகிக் கணவாய் திறக்கும் பருவமும் சமயங்கள் சென்ற வழியைத் தீர்மானித்தன. பௌத்தம் பாரதத்திலிருந்து சீனாவை அடைந்த வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

மகதத்திலிருந்து சீனா வடகிழக்கே உள்ளது. ஆனால் இமயமும் திபெத்தியப் பீடபூமியும் நேர்வழியை அடைத்து நின்றன. எனவே புத்தரின் போதனை வடமேற்கே காந்தாரத்திற்குச் சென்று, மலைகளைச் சுற்றிக்கொண்டே சீனாவை அடைய நேர்ந்தது. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் குஷாண மன்னர்கள் இந்துகுஷ் மலையின் இருபுறத்தையும் ஆண்டதால் அவ்வழி மேலும் எளிதாயிற்று.

காரகோரம், பாமீர் மலைகளுக்கு அப்பால் இருப்பது தக்லமாகான் பாலைவனம். அதன் பரப்பு 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் நடுவே செல்வது உயிருக்கே ஆபத்து. எனினும் வடக்கே தியான்ஷான், தெற்கே குன்லுன் ஆகிய மலைகளின் பனி உருகி ஆறுகளாக இறங்குகிறது. அந்த ஆறுகள் மணலில் மறைவதற்கு முன் பாலைவன ஓரத்தில் சோலைகளை உண்டாக்கின. தெற்கே கோட்டான், வடக்கே குச்சா போன்ற நகரங்கள் இவ்வாறு எழுந்தவை. பட்டு வணிகர்கள் இங்கே தங்காமல் பயணத்தைத் தொடர இயலாது. அவர்களுடன் வந்த பிக்ஷுக்களும் தங்கினர். வணிகர்களின் காணிக்கையால் விஹாரங்கள் எழுந்தன. இரு பாதைகளும் கூடும் துன்ஹுவாங்கில் கி.பி. 366-இல் குகைக்கோயில் பணி தொடங்கியதாகக் கூறுவர். ஓவியங்களும் சிற்பங்களும் கொண்ட 492 குகைகள் இன்றும் அங்கே உள்ளன.

வழித்தங்கல் ஊர்கள் பல மொழிகள் கலக்கும் இடங்களாகவும் விளங்கின. குச்சாவில் பாரதத் தந்தைக்கும் அந்நாட்டு அரசகுலத் தாய்க்கும் பிறந்தவர் குமாரஜீவர். சிறு வயதில் காஷ்மீரம் சென்று சாஸ்திரம் கற்றார். கி.பி. 384-இல் சீனப் படைத்தலைவன் ஒருவன் அவரைச் சிறைப்பிடித்தான். எல்லைப்புறத்தில் சுமார் 17 ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்ட அவர், அக்காலத்தில் சீன மொழியை நன்கறிந்தார். 401-இல் சாங்கான் நகரை அடைந்து அவர் மொழிபெயர்த்த நூல்களைக் கிழக்காசிய மக்கள் இன்றும் ஓதுகின்றனர்.

அதே பாதையில் எதிர்த்திசையில் வந்தவர் பாஹியான். விநய நூல்களைத் தேடி கி.பி. 399-இல் சாங்கானிலிருந்து புறப்பட்டார். மணற்பரப்பில் வழி காட்டியவை இறந்தோரின் எலும்புகளே என்று அவர் எழுதியுள்ளார். உடன் வந்தவர்களுள் சிலர் திரும்பினர், சிலர் மாண்டனர், ஒருவர் பாரதத்திலேயே தங்கிவிட்டார். பாஹியான் தனியே இலங்கையை அடைந்தார். அங்கே அபயகிரி விஹாரத்தில், புத்தர் திருவுருவின் முன் வணிகர் ஒருவர் வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக்குவதைக் கண்டார். அது தம் தாய்நாட்டுப் பொருள் என்று உணர்ந்ததும் அவர் கண்கள் கலங்கின. எனினும் தேடி வந்த நூல்களைப் பெறும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. பின்னர் கப்பலேறிப் புயல்களைக் கடந்து 412-இல் சீனக் கரையை அடைந்தார்.

பட்டு சென்ற வழியிலேயே தர்மமும் சென்றது. அவ்வழியை வகுத்தவை மலையும் மணலும் கடலும். ஆனால் வழி இருந்தது என்பதால் மட்டும் நூல்கள் சீனாவை அடைந்துவிடவில்லை. எலும்புகளைக் கண்டும் திரும்பாத ஒருவர் அவற்றைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.