மனிதன் தேவனாவானா?

வேதபாடம்: ஏசாயா 43:10, சங்கீதம் 82:6,7, 2 பேதுரு 1:4



பெங்களூரில் வேலை பார்க்கும் நம் சபை வாலிபன் ஒருவன் லீவுக்கு மதுரை வந்திருந்தான். ஜெபக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, வெள்ளைச் சட்டை, நெஞ்சுல பேர் அட்டையோட ரெண்டு பேர் எங்க ரூமுக்கு வந்தாங்க. ரொம்ப மரியாதையானவங்க. மனுஷன் வளர்ந்து தேவனைப்போல ஆகலாம்னு சொல்றாங்க. எங்க ஆர்.சி. பாட்டியும் தேவ சுபாவத்துல நமக்குப் பங்கு உண்டுன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

"கள்ள உபதேசம் தம்பி, விட்டுத்தள்ளு" என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் இருதயம் குத்தியது. கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி அல்லவா 1 பேதுரு 3:15 கற்பிக்கிறது? உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. மார்மன் சபையார் போதிப்பது

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பது இவர்களுடைய முழுப்பெயர். 1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கினார். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து இந்திய ஊழியத்தை அமைத்தார்கள். அங்கே ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள்.

பிதாவுக்கு மாம்சமும் எலும்புமுள்ள சரீரம் உண்டு என்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று என்கிறார்கள். பிதாவே ஒரு காலத்தில் மனிதனாயிருந்து உயர்ந்தவர் என்று ஸ்மித் 1844 ஏப்ரல் 7-ல் பிரசங்கித்தார். இன்று அந்தச் சபையார் இதை அதிகம் பேசுவதில்லை. ஆனால் நாம் பிதாவின் ஆவிக்குரிய பிள்ளைகள், ஆகவே அவரைப்போல் உயரலாம் என்பதை அவர்கள் விடவில்லை. அப்படி உயர்ந்தாலும் பிதாவையே தொழுவோம் என்றும் சொல்லுகிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நியாயம்.

2. கத்தோலிக்கர் போதிப்பது

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தேவனைச் 'சர்வேசுரன்' என்று எழுதினார். அதாவது எல்லாவற்றுக்கும் மேலான ஒரே ஆண்டவர். அவருக்கு ஆரம்பமில்லை, வளர்ச்சியுமில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து சகலத்தையும் சிருஷ்டித்தவர். மூன்று ஆட்கள், ஒரே தேவன். பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுள்ளவர்கள் என்று 325-ல் நிசேயா சங்கம் அறிக்கையிட்டது.

ஆனாலும் கத்தோலிக்கரும் மனிதன் தெய்வீகத்தில் பங்கடைவதைப் பேசுகிறார்கள். 1992-ல் வெளிவந்த அவர்களுடைய மறைக்கல்வி நூலில் 460-ம் பத்தி இதைப்பற்றியதே. அதற்கு ஆதாரம் 2 பேதுரு 1:4. திருப்பலியில் குருவானவர் திராட்சரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கும்போதும் இதற்காகவே ஜெபிக்கிறார். ஆனால் பங்கடைவது கிருபையினால்தான். சிருஷ்டி சிருஷ்டியே.

3. வித்தியாசம் எங்கே?

தம்பிக்கு மதுரை மல்லியை வைத்துச் சொன்னேன். வாழைநாரில் தொடுத்த மல்லிகைச் சரத்தைப் பாருங்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். ஆனால் நார் பூவாகாது. கத்தோலிக்கர் சொல்வது அப்படி. மல்லிகைப் பதியனை நட்டால், அது தாய்ச்செடியைப் போலவே வளர்ந்து பூக்கும். மார்மன் சபையார் சொல்வது அப்படி. ஒருவருக்கு தேவனும் மனிதனும் வேறு வேறு இனம். மற்றவருக்கு ஒரே இனம், முன்னவர் பின்னவர் என்பதே வித்தியாசம்.

இது சின்ன விஷயமல்ல. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்ளும் ரோமாபுரி, மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ல் தீர்மானித்தது. இத்தனைக்கும் அவர்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்தான் கொடுக்கிறார்கள். வார்த்தை ஒன்று, அர்த்தம் வேறு!

4. நம் காரியம் என்ன?

மரியாள், பரிசுத்தவான்கள் விஷயத்தில் நாம் கத்தோலிக்கரோடு ஒத்துப்போகிறதில்லை. ஆனால் நித்தியராகிய ஒரே தேவன் என்பதில் அவர்களோடு நிற்கிறோம். தமக்கு முன்னும் பின்னும் வேறு தேவன் உண்டாகவில்லை என்று கர்த்தர் சொல்லுவதை ஏசாயா 43:10-ல் வாசிக்கிறோம்.

இங்கே ஒன்றை அறிக்கையிடுகிறேன். சில வருஷங்களுக்குமுன் ஓர் உபவாச ஜெபத்தில் சங்கீதம் 82:6-ஐ எடுத்து, "நாமெல்லாம் சின்ன தேவர்கள்!" என்று சத்தமிட்டேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்த வசனத்தை நான் வாசிக்கவில்லை. அநியாயத் தீர்ப்புச் செய்த அவர்கள் மனுஷரைப்போல் சாவார்கள் என்று அதில் இருக்கிறது. அது மகுடமல்ல, கண்டிப்பு. அடுத்தவனைக் கள்ள உபதேசம் என்றேனே, என் பிரசங்க பீடத்தில் நான் விதைத்தது என்ன? கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

ஊருக்குப் புறப்படும்போது தம்பி, "அவங்க திரும்ப வந்தா என்ன கேக்கணும் ஐயா?" என்றான். "முதல்ல டீ வாங்கிக் கொடு. அப்புறம் ஒரே கேள்வி கேளு: பிதா என்றைக்கும் தேவனாகவே இருந்தாரா?" என்றேன்.

தேவ ஜனமே, நாம் நார்தான். அவரோடு கட்டப்பட்டிருப்பதால் மணக்கிறோம். அதுவே போதும். ஆமென்.

சிந்திக்க:
1. தேவ சுபாவத்தில் பங்கடைவதற்கும் தேவனாவதற்கும் என்ன வித்தியாசம்?
2. சங்கீதம் 82 முழுவதையும் வாசியுங்கள். அது யாரைக் கண்டிக்கிறது?