எட்டாம் வகுப்பு ஜூன் வரை காத்திருக்கட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. மதுரை வெயிலைப் பற்றி அரைப் பக்கம், மாமியார் முழங்கால் வலியைப் பற்றி அரைப் பக்கம், கடைசி நாலு வரியில் விஷயம். ஏழாம் வகுப்பு முடித்த பையன் லீவில் படித்ததையெல்லாம் மறந்துவிடுவானோ, எட்டாம் வகுப்பு கைடு வாங்கி இப்போதே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்பதுபோல் எழுதியிருக்கிறாயே தவிர, கைடு வாங்கி அட்டையும் போட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதை எடுத்து பீரோ மேலே போடு.

உன் பயம் பொய் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் 1996-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள், வாசிப்பைவிடக் கணக்கில் இழப்பு அதிகம் என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் புதிய தேர்வுகளின் மதிப்பெண்களை வைத்துப் பார்த்தபோது அது அவ்வளவு திட்டமாகத் தெரியவில்லை. தவிர, அவர்கள் விடுமுறை நம்முடையதைவிட நீளம். அதனால் நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எது முதலில் நழுவுகிறது என்று பார். கைப்பழக்கமாகச் செய்கிற கணக்கும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதும்தான். ஏழாம் வகுப்புப் பின்னமும் சதவீதமும் நழுவிக்கொண்டிருக்கும்போது எட்டாம் வகுப்புக் கைடு என்ன செய்யும்?

"எதிர் வீட்டுப் பையன் ஏப்ரல் கடைசியிலேயே அட்வான்ஸ் போர்ஷனுக்குப் போகிறானே அண்ணா" என்பாய். போகட்டும். மே மாதம் அரைகுறையாகக் கேட்டதை ஜூலையில் ஆசிரியர் நடத்தும்போது, "இதுதான் எனக்குத் தெரியுமே" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவான். ஏழாம் வகுப்பை விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. உன் பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறவன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். அதில் தேறி, வருமான வரம்புக்குள்ளும் வந்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அந்தத் தேர்வில் ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். அதனால் அவன் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதே. எடைக்காரரைக் கண்டால் உனக்குக் கை பரபரக்கும்.

சரி, என்னதான் செய்வது? தெரிந்ததை வைத்து எதையாவது கண்டுபிடிக்க விடு. ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு கோல், சாக்பீஸ், கயிறு, அளவு நாடா. இவற்றோடு மருமகனை மொட்டை மாடிக்கு அனுப்பு. கோலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியை மையமாக வைத்து 30 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடட்டும். மே நடுவில் மதுரையில் காலை பதினொன்றேகாலை ஒட்டி நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும். மதியம் ஒன்றேகாலுக்குச் சற்று முன் மறுபடி தொட்டு வெளியே வரும். இரண்டு இடத்திலும் புள்ளி வைத்து நேரத்தைக் குறிக்கட்டும். இடையில் கீழே வந்து மோர் குடிக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையை மாடியில் காயப்போடச் சொல்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் போட்டுக் கொடுக்காதே.

இரண்டு நேரத்துக்கும் நடு எது? 12.14 சுமாருக்கு வரும். உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது அப்போதுதான், கடிகாரம் 12 காட்டும்போது இல்லை. ஏன்? நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. மதுரை இருப்பது 78 டிகிரியை ஒட்டி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று அவன் சமூக அறிவியலில் படித்துத் தேர்விலும் எழுதியிருப்பான். கணக்குப் போட்டால் 12.17, 12.18 வரும். மிச்சம் மூன்று நான்கு நிமிடம் எங்கே போனது? பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ போய் ஒப்பிக்காதே. ஒரு வாரம் மண்டையைக் குடையட்டும்.

இன்னொன்று. வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளையும் மையத்தோடு சேர்த்து, அந்தக் கோணத்தைக் கவராயத்தால் சமமாக வெட்டினால் வடக்கு தெற்குக் கோடு கிடைக்கும். உச்சி நேரத்து நிழல் அந்தக் கோட்டில் தெற்குப் பக்கம் விழும். ஏப்ரல் 16-ஐ ஒட்டி மதுரைக்கு நேர் மேலே வந்த சூரியன் அதைத் தாண்டி வடக்கே போய்விட்டது, அதனால். மே முதல் வாரத்தில் 11 சென்டிமீட்டர் இருக்கிற அந்த நிழல் மாதக் கடைசியில் 21 ஆகும். வாரம் ஒரு நாள் அளந்து வரைபடத் தாளில் குறித்தால் போதும். பின்னம், தசமம், கோணம், புவியியல் எல்லாம் ஒரு கோலில் வந்துவிட்டது பார்.

மழை மேகம் கட்டி நிழல் விழாத நாளில் கணக்குப் போட மின்விசிறி இருக்கிறது. பழைய விசிறி 75 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அறுபது நாளுக்கு 90. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, அதை ஒரே விசிறி கிட்டத்தட்டத் தின்றுவிடுகிறது. 30 வாட் விசிறி மாட்டினால் எத்தனை சதவீதம் மிச்சம், விலைக்கு எத்தனை நாளில் ஈடாகும் என்பதை அவனே சொல்லட்டும். மீட்டரைக் காலையில் பார்த்து எழுதுகிற வேலையும் அவனுக்கே. மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு பிடிக்காமல் போகலாம்.

வாசிப்புக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. வாரம் ஒரு முறை கொண்டுபோய் விடு. அவன் எடுக்கிற புத்தகத்தை மாற்றாதே. படக்கதை எடுத்தால் எடுக்கட்டும், பேய்க்கதை எடுத்தால் எடுக்கட்டும். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பாயே, அந்த ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிவிடு.

போன் பற்றி நீ எழுதாதது ஆச்சரியம். பிடுங்கி வைத்திருப்பாய், அவன் பாட்டியின் போனில் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நேரம் பேசி முடிவு செய், அதை நீயும் மீறாதே.

வேலைக்குப் போகிறவள், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று அடுத்த கடிதத்தில் வரும். நல்லதாயிற்று. நீ பக்கத்தில் இருந்தால் கோலை நீயே நட்டு, வட்டத்தையும் நீயே போட்டு, அழகான கையெழுத்தில் நோட்டும் எழுதிவிடுவாய். ஆறாம் வகுப்பில் அவன் கொண்டுபோன மாதிரிப் படத்துக்கு உண்மையில் பரிசு வாங்கியது யார் என்று எனக்குத் தெரியும். நிழலின் அளவை அவனையே எனக்கு எழுதச் சொல். தப்பாக இருந்தால் தப்பாகவே வரட்டும், திருத்தி அனுப்பாதே.

அன்புடன்,
அண்ணன்