மாத்திரைப் புட்டியா, காய்கறிக் கூடையா?



"ஆன்ட்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாதாமே, உண்மைதானா?" என்று பலர் கேட்கிறார்கள். குடும்ப வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த நலவாழ்வுப் பாடத்தில் இதைக் குறித்துச் சற்று ஆராய்வோம்.

1. ஆன்ட்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

வெட்டிவைத்த ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பாகிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் அது தாமதமாகிறது. நாட்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வீசுகிறது. இவை ஆக்ஸிஜன் செய்கிற வேலை. நம் சரீரத்திலும் ஆகாரம் சக்தியாக மாறும்போது, ஆக்ஸிஜனிலிருந்து நிலையற்ற சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவற்றை 'ஃப்ரீ ராடிக்கல்' என்பர். புகையிலைப் புகை, காற்று மாசு, கடும் வெயில் ஆகியவை இவற்றைப் பெருக்கும். இவை அருகிலுள்ள செல்களிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துச் சேதம் விளைவிக்கின்றன. தன் எலக்ட்ரானைக் கொடுத்து இவற்றை அடக்கும் பொருளே ஆன்ட்டிஆக்ஸிடன்ட்.

எனினும் ஃப்ரீ ராடிக்கல்கள் முற்றிலும் பகைவர் அல்ல. இரத்த வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. நமக்குத் தேவை சமநிலையே. அதற்கான என்சைம்கள் சிலவற்றைச் சரீரம் தானே உண்டாக்குகிறது. மீதியை உணவிலிருந்து பெறுகிறது.

2. எந்த உணவில் எது உள்ளது?

வைட்டமின் சி: நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, குடைமிளகாய். நடுத்தரக் கொய்யா ஒன்றே ஒரு நாள் தேவைக்குப் போதும்.
பீட்டா கரோட்டின்: முருங்கைக்கீரை, காரட், பூசணி, மாம்பழம், பப்பாளி.
லைக்கோபீன்: தக்காளி, தர்பூசணி.
வைட்டமின் ஈ: நிலக்கடலை, சூரியகாந்தி எண்ணெய்.
பாலிஃபீனால்: நாவற்பழம், தேநீர், சிறுவெங்காயம், பயறு வகைகள்.

3. மாத்திரை ஏன் கைகொடுக்கவில்லை?

காய்கறியும் பழமும் மிகுதியாக உண்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சிலவகைப் புற்றுநோய்கள் குறைவு என்று ஆய்வாளர்கள் கண்டனர். அப்படியானால் அவற்றிலுள்ள சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று எண்ணினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்தனர். 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடுதலாக இருந்தது! அமெரிக்காவில் புகைபிடிப்போர், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் உட்பட 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த சோதனையிலும் இதுபோன்ற தீங்கே தென்பட்டது. ஆகவே 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு முன்பே அதை நிறுத்தினர்.

காரணம் என்ன? ஒரு காரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமா உள்ளது? நார்ச்சத்து, பொட்டாசியம் முதலிய பல பொருட்கள் அளவோடு சேர்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பன்மடங்காகக் கொடுப்பது வேறு காரியம். பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்கு எந்த மாத்திரையும் கேடயம் ஆகாது. அவர் அப்பழக்கத்தை விடுவதே வழி.

4. வீட்டில் கடைப்பிடிக்க

அ. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிழங்குகள் இக்கணக்கில் சேரா.
ஆ. காயைக் கழுவியபின் நறுக்குங்கள். வைட்டமின் சி நீரில் கரையும், வெப்பத்தில் அழியும். வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேருங்கள்.
இ. கீரை, காரட், தக்காளி ஆகியவற்றைச் சிறிது எண்ணெயுடன் சமையுங்கள். கரோட்டினும் லைக்கோபீனும் அப்போது நன்கு உட்கிரகிக்கப்படும்.
ஈ. கீரைச் சாதத்தில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். மாறாக, சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். இரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும்.
உ. விலையுயர்ந்த வெளிநாட்டுப் பழங்கள் அவசியமில்லை. அந்தந்தப் பருவத்தில் சந்தைக்கு வரும் கொய்யாவும் நாவலும் போதும்.

5. எச்சரிக்கை

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கீரை, பழங்களிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் டாக்டரைக் கேளாமல் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுக்கலாகாது. ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரையை, இதை வாசித்துவிட்டு நிறுத்தவும் வேண்டாம்.

சிந்திக்க:
1. நேற்று நம் வீட்டுச் சாப்பாட்டில் எத்தனை நிறக் காய்கனிகள் இருந்தன?
2. நம் வீட்டில் பெண்கள் கடைசியில் உண்ணும்போது, பாத்திரத்தில் காய்கறி மீதி இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், இன்றைக்கே ஒரு பங்கை முதலில் எடுத்துவைப்போம்.