பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் கண்டால்

தாய்மார்களே, பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால், "காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்பார்கள் லயத்துப் பாட்டிமார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைத்தார். ஒரு பிள்ளைக்குத் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அங்கிருந்த டாக்டர் கிரெமர் நீல விளக்கொளியில் சோதித்து, 1958-இல் முடிவை வெளியிட்டார்.

ஆனால் வெயிலுக்கு அளவு ஏது? அதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பயம். மஞ்சள் மிஞ்சி மூளைக்கு ஏறினால், பிள்ளை பிழைத்தாலும் காது கேளாமல் போகலாம். முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலோ, கால்வரை பரவினாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கள்.

பிள்ளைத் துணியில் பாச்சை உருண்டையும் போடாதீங்க. ஜி6பிடி குறையுள்ள பிள்ளைக்கு அது ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.