ரூட்டைக் கடைசி வரி வரை கலைக்காதீர்கள்

பத்தாம் வகுப்புத் திரிகோணமிதியில் வருஷா வருஷம் வரும் கணக்குதான். கரமனை ஆற்றங்கரையில் வைத்துப் பார்ப்போம். அக்கரை ஓரத்தில் ஒரு மொபைல் டவர். இக்கரையிலிருந்து அதன் உச்சி 60° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. 60 மீட்டர் பின்னால் போனால் 30°. ஆற்றின் அகலம் 30 மீட்டர் என்று வந்துவிடும். டவரின் உயரத்தை ஒருத்தி 30√3 என்று எழுதுகிறாள், இன்னொருத்தி 90/√3 என்று. இரண்டும் ஒன்றுதான். ஆனால் இருவருமே அவசரப்பட்டு √3-க்கு 1.7 போட்டால் முதல் விடை 51, இரண்டாவது சுமார் 52.9. ஒரே டவருக்கு இரண்டு மீட்டர் வித்தியாசம்! உண்மையான உயரம் 51.96.

செய்ய வேண்டியவை

ரூட்டை ரூட்டாகவே கொண்டுபோங்கள். கேள்வியில் தசம விடை கேட்டிருந்தால் மட்டும், கடைசி வரியில் 1.732 போடுங்கள்.

உள்ளே இருப்பதைப் பகாக் காரணிகளாக உடையுங்கள். 72 = 2×2×2×3×3. ஜோடி சேர்ந்தவை வெளியே வரும், ஒற்றையாக நிற்பது உள்ளேயே இருக்கும்: 6√2. 4×18 என்று பிரித்து 2√18-இல் நிறுத்தினால் தப்பில்லை, பாதி வேலை. 18-க்குள் இன்னும் ஒரு 9 இருக்கிறது.

கூட்டும் முன் சுருக்குங்கள். √12 + √27 பார்வைக்கு ஒட்டாது. 2√3 + 3√3 என்றானதும் 5√3. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார். √2 + √8 வேண்டுமா? 2-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 10. பெருக்கினால் 16, அதன் மூலம் 4, இரட்டித்தால் 8. பத்தும் எட்டும் 18, விடை √18. நம் வழியில் √2 + 2√2 = 3√2, அதுவும் √18-தான். பெருக்கல் பலன் முழு வர்க்கமாக வராவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சேராது. √2 + √3 அப்படியே நிற்கும்.

பகுதியில் ரூட் இருந்தால் மேலே ஏற்றுங்கள். பரீட்சை ஹாலில் கால்குலேட்டர் கிடையாது. 1-ஐ 1.414-ஆல் வகுப்பதைவிட 1.414-ஐ 2-ஆல் வகுப்பது எவ்வளவு சுலபம்! 1/√2-ஐ √2/2 ஆக்கச் சொல்வதன் லாபம் இதுதான்.

செய்யக்கூடாதவை

√(9+16)-ஐ 3+4 என்று பிரிக்காதீர்கள். அது √25, அதாவது 5. பெருக்கலுக்கு உள்ள சலுகை கூட்டலுக்கு இல்லை. மார்க் அதிகம் போவது இங்கேதான்.

2+√3-ஐ 2√3 ஆக்காதீர்கள். முன்னது சுமார் 3.73, பின்னது 3.46.

√((−5)²)-க்கு −5 எழுதாதீர்கள். √ குறி தருவது மிகை மூலத்தை மட்டும், விடை 5. எண்ணுக்குப் பதில் x வந்தால் |x| என்று எழுதுங்கள். x² = 25-க்கு ±5 வருவது வேறு கதை; அங்கே கேள்வியே x என்ன என்பதுதான்.

1/(√3−√2)-ஐ மேலும் கீழும் √3−√2-ஆல் பெருக்காதீர்கள். கீழே 5−2√6 வந்து நிற்கும், ரூட் போகாது. √3+√2-ஆல் பெருக்கினால் கீழே 3−2, அதாவது 1, விடை √3+√2.